வலி ஊசி எதற்கு என்று சொல்லுங்கள்

எங்கள் பக்கத்துப் பெண்கள் பிரசவக் கதையை நேரக் கணக்கோடு சொல்வார்கள். "ராத்திரி ஜெல் வெச்சாங்க. காலையில குளுக்கோஸ்ல ஊசி ஏத்துனாங்க. மத்தியானத்துக்கு மேல வலி தாங்க முடியல. சாயந்தரம் புள்ள பொறந்துச்சு." எதற்காக ஜெல் வைத்தார்கள் என்று கேட்டால், "தெரியலக்கா, வெச்சாங்க" என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் காலனிகளில் பல வருடங்களாக இந்தப் பதிலைக் கேட்டு வருகிறேன். கைநாட்டு வைக்கும் பெண்ணும் இதையே சொல்கிறாள், பட்டப்படிப்பு முடித்த பெண்ணும் இதையே சொல்கிறாள்.

வலியை வரவழைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பல தாய்மார்களின் உயிர் அதனால்தான் மிஞ்சியிருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். ஊரில் அதைத்தான் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்தால்தான் அது தணியத் தொடங்கும். அதனால் 37 வாரம் முடிந்ததும் மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. நாள் தாண்டிப்போனாலும், பனிக்குடம் உடைந்தும் வலி வராவிட்டாலும், பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோனாலும் இதே வழிதான். கருப்பை வாயை இளக்க ஜெல் அல்லது மாத்திரை வைப்பார்கள், சிறு பலூன் செருகுவதும் உண்டு. பிறகு சொட்டு மருந்தாக ஆக்சிடோசின் ஏற்றுவார்கள்.

ஆக்சிடோசினை எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு வகையில் தெரியும். மாடு பால் சுரக்கத் திருட்டுத்தனமாகப் போடும் ஊசியும் அதுதான். அந்த முறைகேட்டைக் காரணம் காட்டி, தனியார் நிறுவனங்கள் இந்த மருந்தைத் தயாரிக்க 2018-ல் ஒன்றிய அரசு தடை விதித்தது. பிரசவித்த பெண்ணின் ரத்தப்போக்கை நிறுத்தவும் இந்த மருந்துதான் வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டிய மருந்து. அளவு கூடினால் வலி இடைவெளியில்லாமல் வரும், வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பு தடுமாறும். முதல் பிரசவம் ஆப்பரேஷனாக இருந்தால் பழைய தையல் பிரியும் ஆபத்து உண்டு, சில மாத்திரைகளை அந்தப் பெண்களுக்கு வைக்கவே கூடாது. முதல் பிரசவம் எப்படி நடந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அவளிடம் பேசாமல் எப்படி மருந்து கொடுக்க முடியும்?

அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995-ல் தமிழ்நாட்டில் தங்கி, சென்னை நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டார். அவருடைய நூல் 2003-ல் வெளிவந்தது. அரசு மருத்துவமனைகளில் வலியைக் கூட்டும் மருந்து வழக்கம்போல் ஏற்றப்பட்டதையும், வலியைக் குறைக்க எதுவும் தரப்படாததையும் அதில் பதிவு செய்திருக்கிறார். வலி ஊசியைத் தாங்களே கேட்டு வாங்கிய பெண்களையும் அவர் சந்தித்தார். வலி வந்தால்தான் பிள்ளை பிறக்கும், வலி ஒரு சக்தி என்பது அவர்களுடைய எண்ணம். தமிழ் படித்தவளுக்கு இதில் வியப்பில்லை. 'வலியறிதல்' என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு, அங்கே வலி என்றால் வலிமை. பிரசவ அறையில் அந்த இரண்டாவது பொருள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கத்தினால் திட்டு, கத்தாவிட்டால் "முக்கு" என்று திட்டு. அங்கே சொல்லப்படும் சில வார்த்தைகளை நாளிதழில் அச்சடிக்க முடியாது. எந்தத் தெரு என்று கேட்ட பிறகு குரல் மாறுவதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்கவும் எட்டாம் மாதத்திலும் பெண்கள் போகிறார்கள். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், உண்மைதான். மாத்திரையை யாரும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வெயிலில் குனிந்து நிற்க முடியாது. கடைசியில் "சிக்கலான கேஸ்" என்று எழுதி திருச்சி பெரியாஸ்பத்திரிக்கோ தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பும்போது, சிக்கல் அவள் உடம்பில் மட்டும் இருந்ததாகச் சீட்டு சொல்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதைப் பற்றி 1928-லேயே பேசியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை மாதம் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார், செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். 1929-ல் அது சட்டமானது. பிறகு வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, 1943-ல் சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறுச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கம் நிறைந்த அரியலூரில் இதை நினைவுபடுத்தத்தான் வேண்டும். 1961-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்து, 2017-ல் விடுப்பு 26 வாரமானது. ஆனால் இந்த 26 வாரக் கணக்கில் வெங்காயக் காட்டுக் கூலிக்காரி இல்லவே இல்லை.

அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மாநில அரசு உதவி. 2018 முதல் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. தவணை தவறாமல் வந்தால் இன்னும் நல்லது. கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டு ஐந்தாம் மாதம் ஊர் திரும்பும் பெண் அங்கேயே பின்தங்கிவிடுகிறாள்.

செந்துறை அருகே குழுமூரில் பிறந்த அனிதா மருத்துவராக விரும்பினார். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வு குறுக்கே நின்றது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, அங்குள்ள அரங்கத்துக்கு 2023-ல் அனிதாவின் பெயர் வைத்தார்கள். எங்கள் பெண்களின் பேச்சைப் பேசத் தெரிந்த ஒரு மருத்துவரை அந்தப் பிரசவ அறை இழந்திருக்கிறது. பிரசவ அறைப் பணியாளர்களுக்கு மரியாதையாகப் பேசும் பயிற்சியை அந்த அரங்கத்திலேயே நடத்தலாமே.

இப்போதைக்குச் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2004-லேயே அனுமதித்துவிட்டது. வாசலில் நிறுத்தினால் அம்மாவோ அத்தையோ இதைச் சொல்லிக் கேட்கலாம். 2011-ல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டப்படி அரசு மருத்துவமனையில் ஆப்பரேஷன், மருந்து, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம், ஆயாவுக்கும் வார்டு பாய்க்கும் காசு தர வேண்டியதில்லை. என்ன மருந்து, எதற்காக, வலி வராவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றையும் ஊசி போடும் முன்னரே கேட்டுவிடுங்கள். பழைய ஆப்பரேஷன் இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். திட்டினாலோ காசு கேட்டாலோ 104-க்கு அழைத்து, வார்டையும் நேரத்தையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.