வாசகர்கள் எந்த பிரவுசரில் வருகின்றார்கள்? எமது இணையத்தளங்கள் பார்க்கத் தவறும் ஒரு கணக்கு

இணையத்தளம் ஒன்றை நடத்துபவர்களிடம் வாசகர்களைப் பற்றிக் கேட்டால், இன்று எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தச் செய்தி அதிகம் வாசிக்கப்பட்டது என்று உடனே சொல்வார்கள். எந்த பிரவுசரில் வந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலானோருக்குப் பதில் தெரியாது. அந்தப் பட்டியல் தளத்தின் புள்ளிவிபரப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கிழக்கில் ஊர்ச் செய்தித் தளம் ஒன்றையும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் தளத்தையும் நான் பல வருடங்களாகப் பராமரித்து வருகின்றேன். அந்தப் பட்டியலை மாதா மாதம் பார்ப்பது என் வழக்கம். எமது தளத்தை யாரால் ஒழுங்காகத் திறக்க முடிகின்றது, யார் வாசலிலேயே திரும்பிப் போகின்றார்கள் என்பதை ஊகிக்க அதைவிட நல்ல வழி இல்லை. எனவே அதைப் பற்றி எமது வாசகர்களோடும், தளங்களை நடத்தும் சகோதரர்களோடும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கின்றேன்.

தளத்துக்கு எப்படித் தெரிகின்றது?

பிரவுசர் அல்லது உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். குரோம், சபாரி, பயர்பொக்ஸ், எட்ஜ், ஒபேரா, சம்சுங் இன்டர்நெட் எல்லாம் இந்த வகைதான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பிரவுசர், "நான் இன்ன பிரவுசர், இன்ன பதிப்பு, இன்ன வகைப் போனில் இருந்து வருகின்றேன்" என்று ஒரு வரியை அந்தத் தளத்தின் சேர்வருக்கு அனுப்புகின்றது. அந்த வரிகளை எண்ணினால் கிடைப்பதுதான் பிரவுசர் புள்ளிவிபரம். பல இலட்சம் தளங்களின் எண்ணிக்கையை ஒன்றுசேர்த்து ஸ்டாட்கவுன்டர் போன்ற நிறுவனங்கள் உலக அளவிலும் நாடு வாரியாகவும் மாதந்தோறும் வெளியிடுகின்றன.

அரியணை மாறிய கதை

இந்தப் புள்ளிவிபரத்தின் முப்பது வருட வரலாறு சுவையானது. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக்தான் சாதாரண மக்களிடம் பரவிய முதல் பிரவுசர். 1994இல் நெட்ஸ்கேப் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டு, பின்னர் அதனை விண்டோஸோடு இணைத்தே இலவசமாகக் கொடுத்தது. கொம்பியூட்டரை வாங்கும்போதே பிரவுசரும் உள்ளே இருக்குமென்றால் இன்னொன்றைத் தேடிப் போவது யார்? நெட்ஸ்கேப் சரிந்தது. 1998இல் அமெரிக்க நீதித் திணைக்களம் மைக்ரோசொப்டுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. ஆனால் வழக்கு முடிவதற்குள் சந்தை முடிந்துவிட்டது. 2002, 2003 காலப்பகுதியில் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்புளோரரையே பாவித்தனர்.

வென்றவர் தூங்கினார். 2001இல் வந்த எக்ஸ்புளோரர் 6 பதிப்புக்கு அடுத்த பதிப்பு 2006இல்தான் வந்தது. அந்த இடைவெளியில், நெட்ஸ்கேப்பின் எச்சங்களிலிருந்து வளர்ந்த மொசில்லா அமைப்பு 2004 நவம்பரில் பயர்பொக்ஸை வெளியிட்டது. சில வருடங்களில் உலகப் பாவனையாளர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் அதற்கு மாறினர். 2008 செப்டெம்பரில் கூகுள் குரோமைக் கொண்டு வந்தது. 2012 மே மாதத்தில் ஸ்டாட்கவுன்டர் கணக்கின்படி குரோம் எக்ஸ்புளோரரை முந்தியது. எக்ஸ்புளோரரை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெறச் செய்தது.

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2016 ஒக்டோபரில், கையடக்கத் தொலைபேசி மற்றும் டெப் வழியாக இணையத்தைப் பார்ப்போரின் பங்கு முதன்முறையாகக் கொம்பியூட்டர் வழியாகப் பார்ப்போரின் பங்கைத் தாண்டியது. இன்று உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோமிடமும், ஆறில் ஒரு பங்கு அளவு அப்பிளின் சபாரியிடமும் இருக்கின்றது. எட்ஜ், பயர்பொக்ஸ், சம்சுங், ஒபேரா எல்லாம் மீதியைப் பங்கு போடுகின்றன. ஒரு காலத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருந்த பயர்பொக்ஸ் இன்று சில சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

தமிழ் வாசகர் பட்ட பாடு

"யார் எதில் பார்த்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். அதற்குத் தமிழ் வாசகர்களின் அனுபவமே பதில்.

2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்ட தமிழ்த் தளங்கள் பல இருந்தன. யுனிகோட் அப்போது பரவியிருக்கவில்லை. எழுத்துருவைத் தங்கள் கொம்பியூட்டரில் நிறுவாதவர்களும் வாசிக்க வேண்டுமென்பதற்காக, பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும் ஒரு தொழில்நுட்பத்தை அந்தத் தளங்கள் பாவித்தன. அதில் பரவலாக இருந்த வகை எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. அதே பக்கத்தைப் பயர்பொக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குழப்பம்தான் திரையில் தெரியும். தமிழ் வாசிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு நிறுவனத்தின் பிரவுசருக்குள்தான் இருக்க வேண்டும் என்ற நிலை அது. யுனிகோட் பரவிய பின்னர்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

அடுத்து வந்தது ஒபேரா மினியின் காலம். நொக்கியா போன்களில் ரீலோட் கார்ட் போட்டு, டேட்டா கரைந்துவிடும் என்ற பயத்தோடு இணையம் பார்த்த நாட்களை எமது இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒபேரா மினி பக்கத்தை முதலில் தனது சேர்வருக்கு எடுத்து, சுருக்கி, பின்னர் போனுக்கு அனுப்பும். அதனால் டேட்டா செலவு பெருமளவு குறைந்தது. எமக்கு அதைவிடப் பெரிய உதவி ஒன்றையும் அது செய்தது. தமிழ் எழுத்துக்கள் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்த போன்களில், அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், எழுத்துக்களைப் படமாக மாற்றி அனுப்பும். எழுத்துருவே இல்லாத போனிலும் தமிழ்ச் செய்தி வாசிக்க முடிந்தது. அந்த ஒரு வசதிக்காகவே எத்தனையோ பேர் அதனைப் பாவித்தனர்.

ஆக, பிரவுசர் பட்டியலில் ஏறி இறங்கும் இலக்கங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கின்றது. கையில் இருக்கும் போன், டேட்டாவின் விலை, மொழி, வாங்கும்போதே உள்ளே இருந்த மென்பொருள் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. பிடித்ததைத் தேடித் தெரிவு செய்பவர்கள் குறைவு.

இலக்கங்களை அப்படியே நம்பலாமா?

கவனமாகத்தான் வாசிக்க வேண்டும். முதலாவது, ஸ்டாட்கவுன்டர் எண்ணுவது பக்கப் பார்வைகளை, ஆட்களை அல்ல. ஒருவர் நாற்பது பக்கம் பார்த்தால் நாற்பதாகவே கணக்கில் வரும்.

இரண்டாவது, பேஸ்புக்கில் ஒரு செய்தியைத் தட்டினால் அது பெரும்பாலும் பேஸ்புக் செயலிக்கு உள்ளேயே திறக்கின்றது. வாசகர் தன் பிரவுசருக்குப் போகவே இல்லை. செய்தித் தளங்களுக்கு வருவோரில் இப்படி வருபவர்கள் ஏராளம். சில புள்ளிவிபரங்கள் இதனைத் தனியாகக் காட்டும், சில குரோமோடு சேர்த்துவிடும்.

மூன்றாவது, வீ.பி.என். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின் போதும், 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும் இந்நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது மக்கள் வீ.பி.என் பக்கம் திரும்பினர். அப்படி வருபவர் ஊரில் இருந்துகொண்டே நெதர்லாந்துக்காரராகவோ சிங்கப்பூர்க்காரராகவோ கணக்கில் பதிவாவார்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. வர முடியாதவர்களைப் பட்டியல் காட்டாது. ஒரு தளம் பழைய போனில் திறக்கவில்லையென்றால் அந்தப் போன்காரர் இரண்டு தடவை முயற்சித்துவிட்டு விட்டுவிடுவார். அடுத்த மாதப் பட்டியலில் அவரது பிரவுசரின் பங்கு குறைந்திருக்கும். "பார்த்தீர்களா, அதை இப்போது யாரும் பாவிப்பதில்லை, குரோமில் சரியாக இருந்தால் போதும்" என்று தளத்தை வடிவமைப்பவர் சொல்வார். நாம் அடைத்த கதவையே சாட்சியாக வைத்து, யாரும் வரவில்லை என்று தீர்ப்பளிப்பது நியாயமாகுமா?

ஒருவரிடம் எல்லாம் போனால்

இன்று வெளிப் பெயர்கள் பலவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஒபேரா, சம்சுங் ஆகிய எல்லாவற்றின் உள்ளும் கூகுள் முன்னின்று உருவாக்கும் பிளிங்க் ஓடுகின்றது. மைக்ரோசொப்ட் கூட 2020இல் தனது சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு எட்ஜை அதற்கு மாற்றியது. அப்பிளிடம் வெப்கிட் இருக்கின்றது. பயர்பொக்ஸிடம் கெக்கோ இருக்கின்றது. அந்தப் பயர்பொக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முதல் தெரிவாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் தெரிவாக இருப்பதன் பெறுமதி நீதிமன்றங்களிலும் வெளிவந்துள்ளது. அன்ட்ரொயிட் போன்களில் கூகுள் தேடலையும் குரோமையும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று நிபந்தனை விதித்தமை உள்ளிட்ட காரணங்களுக்காக 2018இல் ஐரோப்பிய ஆணைக்குழு கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதனைச் சற்றுக் குறைத்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என்று 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். முதல் தெரிவாக இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளியானது. குரோமை விற்க வேண்டும் என்று அரச தரப்பு கேட்டது. 2025 செப்டெம்பரில் நீதிபதி அதற்கு இணங்கவில்லை.

குரோம் கெட்டது என்பது என் வாதம் அல்ல. நானும் அதைப் பாவிக்கின்றேன். ஆனால் ஒன்று மட்டுமே மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை எக்ஸ்புளோரர் காலத்தில் நாம் பார்த்துவிட்டோம். விளம்பர நிறுவனங்கள் எம்மைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளைச் சபாரி 2020இல் முழுமையாகத் தடுத்தது. பயர்பொக்ஸும் கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தது. விளம்பரத்தில் வாழும் கூகுள், குரோமிலும் நிறுத்துவோம் என்று 2020இல் அறிவித்து, பல தடவை தள்ளிப் போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மாற்றுப் பிரவுசர்கள் இருப்பதால்தான் இதில் எமக்குத் தெரிவு என்று ஒன்று மிஞ்சியிருக்கின்றது.

நாம் செய்யக் கூடியவை

தளம் நடத்தும் சகோதரர்களுக்கு முதலில். உங்கள் தளத்தை உங்களது புதிய போனில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உம்மாவின் பழைய போனிலும், ஒரு ஐபோனிலும், பயர்பொக்ஸிலும், ஒபேரா மினியிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஜனாஸா அறிவித்தலைப் படமாக மட்டும் போடாமல், பெயரையும் நல்லடக்க நேரத்தையும் யுனிகோட் எழுத்திலும் போடுங்கள். படம் இறங்காத போனிலும் அது போய்ச் சேரும். புலமைப்பரிசில், ஸகாத் விண்ணப்பங்களை இணையத்தில் பெறும் அமைப்புகள், படிவம் எல்லா பிரவுசர்களிலும் வேலை செய்கின்றதா என்று பரிசோதிப்பது அவசியம். அந்த உதவி அதிகம் தேவைப்படுபவரிடம்தான் ஆகப் பழைய போன் இருக்கும்.

அரச அலுவலகம் ஒன்றின் படிவம் எனது பிரவுசரில் கடைசிப் பக்கம் வரை வந்து, "சமர்ப்பி" பொத்தானில் அசையாமல் நின்றது எனக்கு நேர்ந்த அனுபவம். எனக்கு வேறு பிரவுசரை நிறுவத் தெரியும். தெரியாதவர் கொமினிகேஷன் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டும், அல்லது விண்ணப்பிக்காமலே விட்டுவிட வேண்டும்.

வாசகர்களுக்கு மூன்று விடயங்கள். பாவிக்கும் பிரவுசரைப் புதுப்பித்து வையுங்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அதன் மூலமே அடைக்கப்படுகின்றன. இரண்டாவது பிரவுசர் ஒன்றையும் போனில் வைத்திருங்கள். ஒன்றில் திறக்காத படிவம் மற்றதில் திறக்கலாம். ஒபேரா மினியின் ஆகக்கூடிய டேட்டா சேமிப்பு நிலையில் பக்கங்கள் அந்த நிறுவனத்தின் சேர்வரில் பிரிக்கப்பட்டே வருகின்றன என்பதால், வங்கிக் கணக்கு வேலைகளுக்கு அதனைப் பாவிக்காதீர்கள்.

இவற்றுக்கு மேலாக ஒன்று. ஏதாவது ஒரு தளம் உங்கள் போனில் திறக்கவில்லையென்றால், போனைக் குறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தப் போன், எந்த பிரவுசர் என்று அந்தத் தளத்தை நடத்துபவருக்கு ஒரு வரி எழுதுங்கள். எமது பட்டியல்களில் ஒருபோதும் வராத தகவல் அது.