குளவி கொட்டினால் செலவு யாருடையது?

சொந்தக் காணியில் நின்றபோது மண்வெட்டி காலில் பட்டால் வைத்தியச் செலவும் உங்களுடையது, வேலையில்லாத நாட்களும் உங்களுடையவை. அந்தக் காணியை இழந்து ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிறருடைய மலையில் கூலிக்கு நிற்கும்போது நிலைமை அப்படியல்ல. வேலையால் வேலை நேரத்தில் நேர்ந்த காயத்துக்கு வேலை கொடுத்தவரே பொறுப்பு. இதைச் சொல்வது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். பிரித்தானியாவில் 1897 இலும் இந்தியாவில் 1923 இலும் வந்த சட்டங்களின் வழியில் வந்தது இது.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்று உண்டு. விபத்து துரையின் பிழையால் நேர்ந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கொழுந்து மலையில் குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்தாலும், தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் போனாலும், வேலைக்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்தால் போதும். குடிபோதை போன்ற சில விலக்குகள் உண்டு. "குளவி கடவுள் செயல்" என்று சொல்லிக் கைகழுவுவோரும் இருக்கிறார்கள். குளவிக்கூடு உள்ள மலைக்கு ஆளை அனுப்பியது கடவுள் அல்லவே!

"கம்பனி இன்சூரன்ஸ் செய்யவில்லை, அதனால் ஒன்றும் இல்லை" என்ற பேச்சையும் நம்பவேண்டாம். இச்சட்டம் காப்புறுதியைக் கட்டாயமாக்கவில்லை. கம்பனி தன் பாதுகாப்புக்காகக் காப்புறுதி செய்துகொள்ளலாம், செய்யாமலும் விடலாம். எப்படியானாலும் கடன் கம்பனியுடையது. ஊழியர் சேமலாப நிதி உங்கள் சேமிப்பு, நட்டஈடு அதிலிருந்து வருவதல்ல. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதையும் தீர்த்ததாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாதிருந்தால் அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு. நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் மொத்தத் தொகை. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் அது சேர்த்தது. எல்லோருக்கும் 20 இலட்சம் என்று எண்ணிவிடாதீர்கள். சம்பளத்தையும் காயத்தையும் வைத்தே கணக்குப் பார்ப்பார்கள்.

ஆகவே செக்றோலில் பெயர் விழுவது முக்கியம். புதிதாக வந்த குடும்பங்கள் பெரும்பாலும் கைக்காசு வேலைக்கே போகின்றன. அன்றைய காசு கையில் கிடைப்பது நல்லதாகத் தோன்றும். விபத்து நாளில்தான் "இவர் எங்கள் ஆளா?" என்ற கேள்வி வரும். கொந்தராத்துக்காரர் மூலம் தோட்ட வேலை செய்தவர், தோட்டத்திடமே நட்டஈடு கோர இடமுண்டு. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து கொழுந்தை வாங்கும் முறையில்தான் எனக்குக் கவலை அதிகம். அங்கே நீங்கள் தொழிலாளியே அல்ல என்று கம்பனி வாதிடலாம். கைச்சாத்திடுமுன் இதைக் கேளுங்கள்.

விபத்து நடந்த அன்றே கணக்கப்பிள்ளைக்கோ கங்காணிக்கோ அறிவித்து, எழுத்தில் பதியச் செய்யுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடாமல், கிளங்கன் போன்ற அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். எப்படிக் காயம் வந்தது என்று வைத்தியரிடம் சொல்லி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கூட நின்றவர்களின் பெயரையும் குறித்துவையுங்கள்.

மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுப் பணத்தைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும். தங்கி வாழ்ந்தோருக்கு அதைப் பிரிப்பவர் அவரே. மரண வீட்டில் சவப்பெட்டிச் செலவைக் கொடுத்து, "இனி உரிமை கோரமாட்டோம்" என்று எழுதி வாங்கும் கடதாசிக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அப்படி ஒன்றில் ஏற்கெனவே கைநாட்டு வைத்திருந்தாலும், தாமதியாமல் ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.