வாத்துக்குக் குளம் வேண்டுமா?

முட்டைக்காக நான்கைந்து வாத்து வளர்க்கலாமே என்று சொன்னால், "எங்கள் ஊரில் குளம் ஏது?" என்று கேட்பவர்களே மிகுதி. அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கத்துச் சிற்றூர்களில் புழக்கடைக்குக் குறைவில்லை, நீருக்குத்தான் குறைவு. ஆனால் முட்டையிடும் வாத்துக்கு நீந்த நீர் தேவையில்லை. தலையை அமிழ்த்தும் ஆழத்துக்கு நீர் இருந்தால் போதும்.

ஏன் தலை மட்டும்? ஈரத் தீவனத்தைத் தின்னும்போது அலகின் மேலுள்ள மூக்குத் துளைகளில் அது ஒட்டிக் காய்ந்துவிடும். கண்களிலும் அழுக்குப் படியும். தலையை அமிழ்த்தித்தான் வாத்து இவற்றைக் கழுவிக்கொள்கிறது. ஆகவே 5 முதல் 6 அங்குல ஆழமுள்ள தொட்டி ஒன்றே அதன் குளம். குஞ்சுகளுக்கோ ஆழம் குறைந்த தட்டே நல்லது. பொரிப்பகத்துக் குஞ்சின் மென்தூவியில் நீரை விலக்கும் எண்ணெய்ப் பூச்சு போதிய அளவு இருக்காது. நனைந்தால் குளிரில் விறைத்துவிடும். முதல் வாரம் மின்விளக்கின் அடியில் 30 முதல் 32 டிகிரி வெப்பம் கிடைக்கச் செய்து, பின் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்து வாருங்கள்.

கோடையில் நீர் வேறொரு வகையிலும் உதவுகிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவை வாயைத் திறந்து மூச்சிரைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கின்றன. உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 575 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். குடிநீர் தீர்ந்தால் இந்தக் குளிர்சாதனமும் நின்றுவிடும் அன்றோ?

இனி முக்கியமான கேள்வி: அந்தத் தொட்டியில் எந்த நீரை ஊற்றுவது?

நீரில் பருத்தி இழையும் சாயத் துகளும் எதிர் மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைத் தணிக்கவே சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயம் துணியில் தங்கும். உப்போ நீரோடு வெளியேறும். அவ்வாறு வெளியேறிய உப்பு நொய்யலிலும், அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலும், சுற்றியுள்ள கிணறுகளிலும் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை இயங்கலாயின. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு உடனே மறைந்துவிடாது.

உப்பைக் கண்ணால் காண இயலாது. தெளிய வைத்தாலும் அது படியாது. கொதிக்க வைத்தாலோ நீர் ஆவியாகி, உப்பின் செறிவு கூடும். ஆனால் உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். அதை அளந்தே சிறிய கைக்கருவி உப்பின் அளவைக் காட்டுகிறது. நம் குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருளையே ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. உங்கள் கிணற்று நீர் இதைத் தாண்டினால் மழைநீரையோ குழாய் நீரையோ கொடுங்கள். உப்பு மிகுந்தால் முதலில் துன்புறுவன குஞ்சுகளே.

தீவனத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் பெருந்திரளாக மடிந்ததற்கு இதுவே காரணம். புண்ணாக்கில் பூசண வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

காக்கி கேம்பல் இனம் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. சுமார் ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். நன்கு பேணினால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். உண்பதற்கான முட்டைக்கு ஆண் வாத்து தேவையில்லை. பெரும்பாலான முட்டைகள் காலை ஒன்பது மணிக்குள் விழுந்துவிடும். அதுவரை கொட்டிலைத் திறக்காதீர்கள்.

வாத்து வாங்கப் புறப்படுமுன் ஒரு குவளை கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.