அடுப்பும் இலையும்

கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் போய் வருபவர்களுக்கு ஒன்று கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் ஏறக்குறைய மனப்பாடம். மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்தின் முன் நிற்க, அன்பின் குணங்களை அடுக்கிச் சொல்லும் அந்தப் பகுதியை ஒரு சித்தப்பாவோ அத்தையோ எழுந்து வாசிப்பார்கள். அழைப்பிதழிலும் அதிலிருந்து ஒரு வரி இருக்கும். ஆனால் பவுல் அதைப் புதுமணத் தம்பதிக்காக எழுதவில்லை. கி.பி. 55 வாக்கில், கட்சி பிரிந்து கிடந்த ஒரு சபைக்கு எழுதினார். ஆண்டவரின் பந்திக்காகக் கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். 11-ஆம் அதிகாரத்தில் இதைக் கடிந்துகொண்ட கையோடு, இரண்டு அதிகாரம் தள்ளி அன்பைப் பற்றிப் பேசுகிறார். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வீட்டோடு நிறுத்திக்கொள்ள அது எழுதப்படவே இல்லை.

பந்தியில் வந்த இந்தச் சிக்கலை மதுரைச் சீமையும் பார்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லுக்கும் போனார்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான், பின்னால் நான் பேசப்போகும் வாடிப்பட்டி இருக்கிறது. 1847-இல் மதுரை மிஷன் ஒரு தீர்மானம் போட்டது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை; விட்டதற்கு அடையாளம், எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட மனம் இருப்பது. ஆதிச் சபையார் கூடிச் சாப்பிட்ட வழக்கத்தை நினைவூட்டி, அன்பின் விருந்து என்று பெயர் வைத்துப் பந்தி போட்டார்கள். உபதேசியார்கள் உள்படப் பலர் மறுத்தார்கள், விலக்கப்பட்டார்கள். ஊர் ஊராக நடந்து வேதம் சொன்னவர்களுக்கு, இன்னொருவர் சமைத்த சோற்றில் கை வைக்க முடியவில்லை.

விருந்தையே பரீட்சையாக்கியது முறைதானா என்று கேட்கலாம். அதிகாரத்தில் இருப்பவர் உட்காரச் சொல்லி உட்காரும் பந்தியில் அன்பு எங்கிருந்து வரும்? எனக்கும் அந்த நெருடல் உண்டு. ஆனால் அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடம் சரியான இடம். நம் ஊரில் அன்பு உண்மைதானா என்று பார்க்க அடுப்பையும் இலையையும்தான் பார்க்க வேண்டும்.

கட்டளை இல்லாமலும் பிரிவுகளைத் தாண்டிய அன்பு நடந்திருக்கிறது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இருவர்: தமிழரான சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார்!

வாடிப்பட்டிக்கு வருவோம். வடக்கே சிறுமலை, பெரியாற்றுப் பாசனத்தில் நெல், தென்னந்தோப்புகள். ஊருக்குள் ஆரோக்கிய அன்னை திருத்தலம். செப்டம்பர் 8 திருவிழாவையொட்டி வருகிறவர்களில் யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெழுகுவர்த்தி ஏற்றுகிற அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருக்கும். பிள்ளை வரம், கடன், கணவனின் குடி என்று எல்லா வீட்டுக் கவலையும் அங்கே வந்து சேர்கிறது.

திருவிழாக் கூட்டத்தைவிட என் மனதைத் தொடுவது அன்பியக் கூட்டம். தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடுவார்கள். பாயை விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பைபிள் வாசித்து, பிறகு மன்றாட்டு. அங்கேதான் வீட்டு விஷயம் வெளியே வரும். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று ஒருத்தி சொல்வாள். சுண்டல் தட்டு கைமாறும்போதே பக்கத்தில் இருப்பவள், “அக்கா, நீங்க வெசனப்படாதீங்க, நான் கூட வாரேன்” என்பாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் தூக்குச்சட்டியோடு நிற்பாள். ஜெபம் அப்படித்தான் பலித்துப் பார்த்திருக்கிறேன்.

சி.எஸ்.ஐ. சபைத் தாய்மார்களிடம் பிடி அரிசி என்ற வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் இதற்கும் வெகுதூரம். சமைக்கும் முன்பே, கண்ணில் படாத யாருக்கோ பங்கு பிரிந்துவிடுகிறது. தினமும் இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாகப் போதிக்க வேண்டியது அதிகமில்லை.

இவ்வளவு இருந்தும் பிடி அரிசி போகும் தூரம் கல்யாணப் பேச்சு போவதில்லை. மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்: கிறிஸ்தவர் என்று எழுதிய கையோடு சாதிப் பெயரும் வந்துவிடும். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பிய சுவர், 2010-இல் அதை இடிக்கப் போராட்டக்காரர்கள் புகும் அளவுக்கு வேதனை தந்தது. மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, அவன் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவனாக இருந்தும், பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இருக்கும் தாத்தாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பேர் சொந்தக்காரர்களின் வாய்க்குப் பயந்தே அப்படி இருக்கிறார்கள். அந்தப் பயத்தைத் தனி ஒரு வீட்டால் உடைக்க முடியாது. பக்கத்து வீடுகள் துணை நிற்க வேண்டும்.

அன்பியங்களைப் பெரும்பாலும் தெருக்கணக்கில் பிரிக்கிறோம். நம் ஊர்களில் தெருவே சாதிக்கணக்குதான். ஆகவே பங்குப் பேரவைகள் கூடும்போது இதைப் பேச வேண்டும்: மேலத்தெரு வீடுகளும் காலனி வீடுகளும் ஒரே அன்பியத்தில் வரும்படி எல்லையை மாற்றிப் போட முடியாதா? முறை காலனி வீட்டுக்கு வரும் மாலையில், அந்த வீட்டு அடுப்பில் வெந்த சுண்டலை எல்லோரும் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர் மனம் கோணாதபடி இரண்டாம் முறையும் கேட்டு வாங்க வேண்டும். முதியவர்கள் தயங்கினால் காத்திருக்கலாம். பிள்ளைகளை மட்டும் முதல் நாளிலிருந்தே கூட்டிப்போய்விடுங்கள்.