காபி மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் கேப்ஸ்யூலைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் இதழில் காபி மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டருடன் பிரிண்டரும் வாங்குபவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம், பிரிண்டரின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்கான இங்க் கார்ட்ரிட்ஜ் என்ன விலை என்று முதலில் கேளுங்கள் என்பதுதான். கேப்ஸ்யூல் காபி மெஷினும் அதே ரகம். செட்டிநாட்டுப் பக்கம் இது கடையில் வாங்கும் பொருளாக மட்டும் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வரும் பரிசாகவும் வருகிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் உள்ள ஆச்சி ஒருவர் சில வாரங்களுக்கு முன் கூப்பிட்டு அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து மகன் ஆசையாகக் கொண்டு வந்த எஸ்பிரெசோ மெஷின் மேஜை மேல் இருந்தது. "தம்பி, நீங்க கம்ப்யூட்டரெல்லாம் பாக்குறவுக. இதையும் கொஞ்சம் பாருங்களேன். சுவிட்சப் போட்டேன், டப்புன்னு ஒரு சத்தம், பொசுங்குன வாடை, அம்புட்டுத்தான்" என்றார். மெஷினைத் தூக்கி அடியில் இருந்த லேபிளைப் பார்த்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு கப் காபி கூடப் போடாமல் மெஷின் போய்விட்டது. "அவன்கிட்டச் சொல்லிறாதீங்க, வருத்தப்படுவான்" என்றார் ஆச்சி.

லேப்டாப் சார்ஜர் அமெரிக்காவில் வாங்கினாலும் இங்கே வேலை செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சார்ஜரின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட், வரும் மின் அழுத்தத்திற்கு ஏற்பத் தன்னைச் சரி செய்து கொள்ளும். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும், பார்த்திருப்பீர்கள். காபி மெஷினில் இந்த வசதி எதுவும் கிடையாது. அதில் இருப்பது தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். 120 வோல்ட் ஹீட்டருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது இழுக்கும் மின்சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அப்புறம் எப்படிப் பிழைக்கும்?

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கலாமே என்பார்கள். 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினுக்கு 2,000 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும். தூக்க முடியாத கனம், விலையும் அதிகம். தவிர, டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 60 ஹெர்ட்ஸ் ஆக்காது. இந்த மெஷின்களின் பம்ப் மின்சாரத்தின் அதிர்வுக்கு ஏற்பத் துடிப்பது. 60 துடிப்புக்கு வடிவமைத்தது 50 துடிப்பில் சற்று மெதுவாகத்தான் தண்ணீரைத் தள்ளும். எனவே அமெரிக்க மெஷின் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதில் இந்தத் தொல்லை இல்லை. அங்கும் நம்மைப் போன்ற மின் அழுத்தம்தான். பிளக் மட்டும் தட்டையான மூன்று கால்களுடன் வேறு மாதிரி இருக்கும். பத்து, இருபது ரூபாய் அடாப்டரைச் செருகி ஓட்டாமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் ஊர் 16 ஆம்பியர் பிளக்காக மாற்றிக் கொள்ளவும்.

பூட்டும் சாவியும்

இனி கேப்ஸ்யூலுக்கு வருவோம். மூடி போட்ட சின்னக் கிண்ணம் போல இருக்கும் அதனுள் சுமார் 5 கிராம் காபித் தூள் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருக்கிறது. அதை மெஷினில் போட்டு நெம்புகோலை அழுத்தினால் கேப்ஸ்யூலில் துளை விழும். சூடான நீர் அழுத்தத்துடன் உள்ளே பாய்ந்து, அரை நிமிடத்தில் சுமார் 40 மில்லி கெட்டிக் காபி இறங்கும். நெஸ்லே நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் ஃபாவ்ரே என்ற சுவிஸ் பொறியாளரின் யோசனை இது. 1976ல் காப்புரிமை பெற்று, 1986ல் நெஸ்பிரெசோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பல ஆண்டுகள் அந்த மெஷினில் அந்த நிறுவனத்தின் கேப்ஸ்யூலைத்தான் போட முடிந்தது. முக்கியமான காப்புரிமைகள் 2012ல் காலாவதியான பின் நிலைமை மாறியது. அதே அளவில், அதே வடிவில் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானது. நெஸ்பிரெசோவின் முதல் கடை டில்லியில் திறக்கப்பட்டது 2025ல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் நாட்டு நிறுவனங்கள் அந்த மெஷினில் பொருந்தும் கேப்ஸ்யூல்களை விற்கத் தொடங்கிவிட்டன. இந்தப் பழைய வடிவத்தை "ஒரிஜினல்" என்கிறார்கள். இதே நிறுவனம் 2014ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் "வெர்டுவோ" என்று வேறு ஒரு வகையைக் கொண்டு வந்தது. அதன் கேப்ஸ்யூல் விளிம்பில் பார்கோடு இருக்கிறது. மெஷின் அதைப் படித்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு என்று தானே முடிவு செய்து, கேப்ஸ்யூலை நிமிடத்திற்கு 7,000 சுற்று வரை சுழற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரிஜினல் கேப்ஸ்யூல் இதில் போகாது, இதன் கேப்ஸ்யூல் அதில் போகாது. டோல்சே கஸ்டோ என்று மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு.

பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து, வேறு கம்பெனி இங்க்கைத் தடுப்பது நமக்குத் தெரியும். காபியிலும் அது நடந்தது. அமெரிக்காவின் கியூரிக் நிறுவனம் 2014ல் வெளியிட்ட கியூரிக் 2.0 மெஷின், கேப்ஸ்யூல் மூடியில் உள்ள தனி மையை ஒளி உணரியால் சோதித்தது. தன் கம்பெனி மூடி இல்லை என்றால் காபி போட மறுத்துவிடும். மக்கள் சும்மா இருப்பார்களா? பழைய அசல் மூடியைக் கத்தரித்து, உணரிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிக் காபி குடித்தார்கள். நாமே தூளை நிரப்பும் வடிகட்டியை விலக்கியது தவறு என்று 2015ல் நிறுவனம் ஒப்புக் கொண்டு, அதைத் திரும்பக் கொண்டு வந்தது.

எனவே மெஷினைப் பார்க்கும் முன், அதன் கேப்ஸ்யூலை எத்தனை நிறுவனங்கள் இங்கே விற்கின்றன என்று பார்க்கவும். ஒரே நிறுவனம் என்றால், விலையை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் நிறுத்திவிட்டால் மெஷின் அலமாரிக்குப் போகும். இன்று புதிதாக வாங்குபவர் ஒரிஜினல் வகையை எடுப்பதே பாதுகாப்பு.

கணக்குப் போடுவோம்

ஒரு கேப்ஸ்யூல் 50 ரூபாய் என வைத்துக் கொள்வோம். இதில் காபி 5 கிராம். அப்படியானால் ஒரு கிலோ காபிக்கு நீங்கள் கொடுப்பது 10,000 ரூபாய்! கடையில் கண் முன்னே வறுத்து அரைத்த தூள் கிலோ 1,000 ரூபாய் என்றாலும், அதே 5 கிராம் 5 ரூபாய்தான். வீட்டில் நான்கு பேர், காலையும் மாலையும் ஒரு கப் என்றால் நாளைக்கு 8 கேப்ஸ்யூல், 400 ரூபாய். மாதம் 12,000 ரூபாய். சில மெஷின்களின் விலையே அவ்வளவுதான். ஒருவரோ இருவரோ உள்ள வீட்டில், எப்போதாவது ஒரு கப் என்றால் கணக்கு மாறும். நீங்கள் தரும் பணம் நேர மிச்சத்துக்கும் சுத்தம் செய்யும் வேலை இல்லாததற்கும்தான்.

நாமே தூள் நிரப்பும் ஸ்டீல் கேப்ஸ்யூலும் கிடைக்கிறது. ஆனால் நம் பில்டர் காபித் தூளை அப்படியே அதில் போட வேண்டாம். சிக்கரி நீரில் ஊறிப் பருத்துக் கொள்ளும். தண்ணீர் இறங்காமல் அடைக்கலாம். சிக்கரி இல்லாத தூளாக இருக்கட்டும்.

பெட்டியில் "19 பார் அழுத்தம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். நல்ல எஸ்பிரெசோவுக்கு 9 பார் அளவே போதும். 19 என்பது பம்ப்பின் உச்ச அளவு. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் 1,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று எழுதுவார்களே, அது மாதிரி.

எங்கே செருகுவது?

கம்ப்யூட்டர் மேஜை அருகிலேயே காபி மெஷின் இருந்தால் வசதி என்று பலர் நினைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். யு.பி.எஸ்.சில் காபி மெஷினைச் செருகவே கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும். காபி மெஷின் 1,200 வாட்டுக்கு மேல். ஹீட்டர் ஓடத் தொடங்கிய கணமே யு.பி.எஸ். கத்திக் கொண்டு அணைந்துவிடும், சேமிக்காத பைலும் உடன் போகும். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் வேண்டாம். கம்ப்யூட்டர் இருக்கும் ஸ்பைக் பஸ்டரிலும் வேண்டாம். தனியாக 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை. நம் பக்கப் பெரிய வீடுகளில் பழைய வயரிங் இன்னும் இருக்கும். அடுப்படியில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே மெஷினை வைக்கவும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து இருக்கும் பொருள் அல்லவா!

தண்ணீரைப் பொறுத்தவரை, காரைக்குடியின் சம்பை ஊற்று நீருக்கு நல்ல பெயர். ஆனால் உங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? மெஷினின் மெல்லிய குழாயிலும் அதுவே படியும். வடிகட்டிய நீரை ஊற்றவும். உப்பு நீக்கச் சொல்லி மெஷினில் விளக்கு மின்னினால், அதற்கென விற்கும் திரவத்தை மட்டும் பயன்படுத்தவும். வினிகர் வேண்டாம் என்று நெஸ்பிரெசோவே சொல்கிறது.

பால்? இந்த மெஷின் டிகாக்ஷன் மட்டும்தான் தரும். பால் காய்ச்சுவது உங்கள் வேலை. பால் நுரைக்கும் கருவி தனி விலை. 40 மில்லிக் காபியில் ஒரு டம்ளர் நிறையப் பாலை ஊற்றினால் நம் நாக்கிற்குச் சப்பென்றுதான் இருக்கும். 80 மில்லிப் பாலோடு நிறுத்திக் கொண்டால் ருசி நிற்கும். வாங்கும் முன் இந்த மெஷின் உள்ள நண்பர் வீட்டில் பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு கப் குடித்துப் பாருங்கள். கடையில் கொடுக்கும் கறுப்புக் காபியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆச்சி வீட்டு மெஷினைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்ததில், ஹீட்டரும் போர்டும் போய்விட்டது, பாகம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். மீந்து கிடந்த கேப்ஸ்யூல்களை ஆச்சி வீணாக்கவில்லை. ஒவ்வொன்றாக மூடியைக் கிழித்து, தூளைக் கொட்டி, பில்டரில் போட்டு டிகாக்ஷன் இறக்கினார். இறங்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிக்கரி சேத்திருக்கலாம்" என்றார்.