மென் பிளாஸ்டிக் மேடைப் பொருள்களுக்கு வர்ணம் தீட்டல்

கல்லூரி நாடகங்களில் ஏந்தப்படும் வாளும், அணியப்படும் மார்புக் கவசமும் இக்காலத்தே பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆயவை. கடையில் வாங்குங்கால் பச்சையும் சிவப்புமாய்ச் சிறார் விளையாட்டுப் பொருள்களாகவே தோன்றும் அவற்றை, இரும்பென்றும் பொன்னென்றும் காண்போர் மயங்குமாறு வர்ணம் தீட்டுதல் வேண்டும். தீட்டுதல் எளிது, மென் பிளாஸ்டிக்கின் மேல் அது உலர்வதே அரிது. மூன்று நாள் கழித்தும் விரல் ஒட்டும்; மூன்று வாரங் கழித்தும் ஒட்டும். அரசன் வாளை உருவ, உறையும் உடன்வருமாயின், அவையில் எழும் நகைப்பு துன்பியல் நாடகத்திற்கு உகந்ததன்று.

இக்குற்றத்தை மழைக்காலத்தின் மேலும் வர்ணக் கடைக்காரர் மேலும் சுமத்துதல் வழக்கம். உண்மைக் காரணமோ பொருளின் உள்ளேயே உளது. பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் இயல்பில் வன்மையானது. 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுதற்கேற்ற பசையைத் தேடிய வால்டோ செமன் என்னும் இரசாயன அறிஞர், எளிதில் ஆவியாகாத திரவங்களில் அதனை இட்டுக் காய்ச்ச, அது வளையும் பொருளாயிற்று. அத்திரவத்தை மென்மையூட்டி எனலாம். மென் பொருள்களில் இது நூற்றுக்கு 30, 40 பங்கு வரையும் இருப்பதுண்டு. இது பிளாஸ்டிக்கோடு இரசாயனச் சேர்க்கை பெறாமல், பஞ்சில் எண்ணெய்போல் இடையிடையே தங்குவது. ஆதலின் மெல்ல வெளிப்போந்து, வர்ணத்துட் புகுந்து, அதனையும் இளக்கிவிடும். எனாமலும், டப்பாவினின்று விசிறும் வர்ணங்களிற் பலவும் இங்ஙனமே கெடுகின்றன. ஆகவே அவ்வொட்டல் உலராத ஈரமன்று; காத்திருத்தலால் தீர்வதுமன்று. மேலும் ஒரு பூச்சால் மூடிவிடலாம் என்பார் பொருளையும் பொழுதையும் இழப்பர்.

நீர் கலந்து பூசும் அக்ரிலிக் வர்ணமே இதற்கு ஏற்றது. முதற்கண் பொருளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுக. அச்சினின்று எளிதிற் கழலுதற்பொருட்டு இட்ட வழுவழுப்பு அதன்மேல் எஞ்சியிருத்தல் கூடும். பின்னர் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்குலர்ந்த பின்னர், தீட்டுக. தடித்த பூச்சு வளையுமிடத்தில் வெடிக்கும்.

இங்கும் ஒரு நுட்பம் உளது. அக்ரிலிக் வர்ணம் உலர்ந்த பின்னும் கோடை வெப்பத்தில் சிறிது இளகுமாதலின், தீட்டிய பொருள்களை அடுக்கினால் ஒன்றோடொன்று பற்றும். இது மேற்கூறிய நோயன்று, வேறு. இதற்கு நீர் கலந்த பாலியூரிதேன் வார்னிஷை மெல்லிதாகப் பூசுதல் நலம். பளபளப்பானதினும் மங்கலானது பற்றுதல் குறைவு. பழைய இரும்பின் தோற்றத்திற்கும் அதுவே பொருந்தும்.

எவ்வகை வர்ணமாயினும், வெளித்தெரியாத ஒரு மூலையிற் பூசி, ஒரு வாரங் கழித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பின்பே முழுதும் பூசத் துணிக. நாடகத்திற்கு இரண்டு நாள் முன்னே வர்ணம் வாங்கப் புறப்படுவோர்க்கு இது பயன்படாது. ஈ.வி.ஏ. என்னும் நுரைத் தகட்டிற்கு இத்தொல்லை இல்லை. அது வர்ணத்தை உறிஞ்சுவதாகலின், சூடான காற்றை ஊதும் கருவியால் மேற்பரப்பை இறுக்கியபின் தீட்டினாற் போதும்.

முன்னரே ஒட்டிப்போன பொருளாயின், வர்ணத்தை முற்றும் நீக்கி மீண்டுந் தொடங்குவதல்லது வழியில்லை. தின்னர் கொண்டு துடைப்பின் பிளாஸ்டிக்கே உப்பிக் குழையும். ஓர் இரவு நாடகம் நடந்தாற் போதுமெனில் முகப்பவுடரைத் தூவிக்கொள்ளலாம். மறுநாள் மீண்டும் ஒட்டும்.

நாடகம் முடிந்தபின் இவற்றைப் பிளாஸ்டிக் பையிற் கட்டிப் பரணில் எறிதல் ஆகாது. பருத்தித் துணியிற் சுற்றி, வெயில் படாத இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் வைத்தல் வேண்டும். தெர்மக்கோல் பெட்டியும் ஆகாது. மென்மையூட்டி அதனுட் புகுந்து குழிவிழச் செய்யும்.