வேலியே பயிரை மேய்ந்தால்...
லூபஸ் நோயின் வேரைத் தேடும் மரபணு ஆய்வுகள்



வேலியே பயிரை மேய்வதைப் போன்ற நோய்கள் சில உண்டு. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க அல்லாஹ் உடலில் அமைத்துள்ள எதிர்ப்பாற்றல், நிலை தவறி உடலையே தாக்கத் தொடங்குவது இவற்றின் இயல்பு. அவற்றுள் ஒன்று லூபஸ். மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கடுஞ்சோர்வு, முடி உதிர்தல், இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சியின் சிறகைப் போல் படரும் செந்தடிப்பு ஆகியன இதன் அடையாளங்கள். கவனியாது விட்டால் சிறுநீரகமும் பழுதடையலாம். நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர்.

அதனாலேயே நம் இல்லங்களில் இந்நோய் இரட்டைத் துயரமாகி விடுகிறது. மணமாகாத பெண்ணுக்கு வந்தால் மறைக்கிறார்கள். மணமான பெண்ணுக்கு வந்தால், "உங்கள் பரம்பரைக் கோளாறு" என்று அவளது தாய்வீட்டின் மீது பழி சுமத்துகிறார்கள். வேறு சிலர் கண்ணேறு என்று கூறித் தாயத்துத் தேடி அலைகிறார்கள். பரம்பரைக்கும் இந்நோய்க்கும் உண்மையில் என்ன தொடர்பு?

விடை காண அறிவியலார் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. மரபணு மட்டுமே காரணம் என்றால், ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். ஆனால், 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் அத்தகைய இரட்டையருள் இருவருக்கும் லூபஸ் இருந்தது நூற்றுக்கு 24 இணைகளில்தான். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரிடையே அது நூற்றுக்கு 2. ஆகவே, மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதுவே முழுக் காரணம் அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர், புகைபிடித்தல், சில வைரஸ் தொற்றுகள், ஹார்மோன்கள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

பிறகு, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுக்களை நோயற்றோரின் மரபணுக்களோடு ஒப்பிடும் பேராய்வுகள் 2008 முதல் வெளிவந்தன. லூபஸோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இதுவரை மரபணுத் தொகுதியில் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் தாக்கம் தனித்தனியே மிகச் சிறிது. நலமாக வாழ்வோரிடமும் அவை உண்டு. தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்த சிறு துளிகள் பல சேர்ந்த நிலையை ஒரு வீட்டின் குற்றம் என்பது எங்ஙனம் நியாயமாகும்?

அரிதாக, ஒரே மரபணுவின் பழுதும் லூபஸை உண்டாக்குவதுண்டு. 2011-இல் சவூதி அரேபிய ஆய்வாளர்கள், உறவுமுறைத் திருமணம் நிகழ்ந்த குடும்பங்களில் சிறுவயதிலேயே லூபஸ் கண்ட பிள்ளைகளை ஆராய்ந்தனர். இறந்த செல்கள் விட்டுச் செல்லும் டி.என்.ஏ. கழிவைச் சிதைத்து அகற்ற உதவும் மரபணு ஒன்று அப்பிள்ளைகளிடம் செயலற்றிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் தோன்றும்; உறவுக்குள் மணம் முடிக்கையில் அதற்கான வாய்ப்புக் கூடுகிறது. மாமன், சிற்றப்பன் மக்களை மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளதே தவிர, கட்டளையிடவில்லை. குடும்பத்தில் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய் இருந்திருந்தால், நிச்சயம் செய்யுமுன் மரபியல் மருத்துவரைக் கலந்து பேசுவதே விவேகம்.

2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. வைரஸை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்னும் மரபணுவில் அவளுக்கு ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றத்தை எலிகளுக்குப் புகுத்தியபோது அவற்றுக்கும் லூபஸைப் போன்ற நோய் கண்டது. அம்மாற்றமோ பெற்றோர் இருவரிடமும் இல்லை. சிறுமியிடம் புதிதாகத் தோன்றியது! இங்கே எந்தப் பரம்பரையைப் பழிப்பது?

இத்தேடல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இண்டர்ஃபெரான் என்னும் எதிர்ப்புப் பொருள் தொடர்பான மரபணுக்கள் பல நோயாளிகளிடம் அளவு மீறிச் செயல்படுவதை 2003-இல் ஆய்வுகள் காட்டின. அப்பொருளின் செயலைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் என்னும் மருந்துக்கு 2021-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எனினும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் பழைய மாத்திரையே இன்றும் சிகிச்சையின் அடித்தளம்.

சகோதரிகளே! மேற்சொன்ன அறிகுறிகள் தொடர்ந்தால் மூட்டு, எதிர்ப்பாற்றல் நோய்களுக்கான மருத்துவரைக் காணுங்கள். இரத்தத்தோடு சிறுநீரையும் பரிசோதியுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருத்துவர் மேற்பார்வையில் கருவுற்று நலமாகப் பிள்ளை பெற்றோர் பலர் உண்டு.

மாமியார்களே, கணவர்களே! நோயுற்றவளுக்குத் தேவை மருந்தும் ஓய்வும் அன்பான சொல்லும். பழிச்சொல் எந்த நோயையும் குணமாக்கியதில்லை. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அதைத் தேடுவோருக்கு அவன் வழிகாட்டுவானாக! ஆமீன்.